எப்போது சூடாகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை

என்னிடம் இருப்பது எண்பதுகளின் நடுவில் வந்த கான்டெஸா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் அந்தக் காரை இறக்கியபோது, அவ்வளவு பெரிய உடம்புக்குள் அம்பாசிடர் வழி வந்த 1.5 லிட்டர் பி.எம்.சி. எஞ்சினைத்தான் வைத்திருந்தார்கள். சக்தி சுமார் 50 குதிரை. பார்க்க மஸ்டாங்கின் தம்பி மாதிரி இருக்கும், மேம்பாலம் ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். பின்னாளில் கம்பெனியே 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினைப் போட்டு கான்டெஸா கிளாசிக் என்று விற்றது. அந்த இசுசு எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் என் பழைய வண்டிக்குள் ஏற்றி, முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, அகலமான டயர் போட்டதுதான் என் ஆசை வண்டி. அமெரிக்காவில் பழைய ஃபோர்டுக்குள் பெரிய வி8 எஞ்சினை இறக்கி ஹாட் ராட் என்று கொண்டாடுகிறார்கள். நம்ம ஊர் பட்ஜெட்டில் ஹாட் ராட் என்றால் இதுதான். (எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அது தனிப் புராணம், இங்கே வேண்டாம்.)

வண்டி கைக்கு வந்தது மார்ச் மாதம். வீடு அல்சூர், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. பெங்களூரில் இருப்பவர்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். சில்க் போர்டு ஜங்ஷனில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மெல்ல எழுந்திருக்கும். 90, 95, 100. முன்னால் இருக்கும் பஸ் நகர்ந்துவிடாதா என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 110-ஐத் தொட்டதும் பானெட் ஓரத்திலிருந்து ஆவி. பின்னால் ஹார்ன் மழை. "சைடு ஹாக்கி சார், சைடு ஹாக்கி!" (ஓரமாகப் போடுங்கள் என்று கன்னடத்தில்) என்று ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து தள்ளிவிட்டார். அன்று பின் சீட்டில் மாமனார். கோயம்புத்தூரில் எத்தனையோ மெஷின்களைப் பார்த்த மனிதர். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊபர் புக் பண்ணட்டுமா மாப்பிள்ளை என்று மட்டும் கேட்டார். இவ்வளவு செலவு செய்து கட்டிய வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குத் தலையாட்டுவது லேசான விஷயம் இல்லை.

நடுரோட்டில் இப்படி ஆனால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். முள் ஏறுகிறது, ஆனால் ஆவி வரவில்லை என்றால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை, ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஆவி வந்துவிட்டாலோ தண்ணீர் ஒழுகினாலோ எஞ்சினை நிறுத்திவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றச் சொல்லி யாராவது பாட்டிலோடு வருவார்கள். நன்றி சொல்லி வாங்கிக் குடித்துவிடுங்கள். வார்ப்பு இரும்பும் அலுமினியமும் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும்.

இனி பணம் போன கதை. வண்டியைக் கட்டிக்கொடுத்த பட்டறையில் சொன்னபோது அவர்கள் செய்த முதல் வேலை தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பொறுத்துத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, கழற்றி எறிந்தது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், வெளிநாட்டுக் குளிருக்கு வெச்சது" என்றார் அங்கிருந்த பையன். இதைத் தமிழ்நாடு, கர்நாடகா என்ற பேதமில்லாமல் எல்லா மெக்கானிக்கும் சொல்வார்கள். கழற்றியபின் காலையில் வண்டி சூடேறவே நேரம் எடுத்தது, பெட்ரோல் அதிகம் குடித்தது, சில்க் போர்டில் முன்பு போலவே கொதித்தது. தெர்மோஸ்டாட் இருப்பது எஞ்சினை அதற்கேற்ற சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த. 82 டிகிரி தெர்மோஸ்டாட் என்றால் 82-ல் திறக்க ஆரம்பித்து, பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுசாகத் திறந்துவிடும். திறந்தபின் அது வழியில் நிற்பதில்லை. சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் வழி எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சூடு இன்னும் கூடும். சந்தேகமாக இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வைத்து, சமையல் தெர்மாமீட்டரோடு பாருங்கள். திறக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். கெட்டிருந்தால் புதுசு போடுங்கள், இல்லாமல் ஓட்டாதீர்கள்.

அடுத்தது பெரிய அடி. வேறொரு ஒர்க்‌ஷாப், நல்ல பெயர் உள்ள இடம், கண்ணாடி அறையில் காபியெல்லாம் தருவார்கள். கொதிக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில், "ஹெட் கேஸ்கெட் சார், கன்ஃபார்ம்" என்றார்கள். எஞ்சினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) சிலிண்டர் பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடு அது. வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் பேசிங் போட்டு (அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்கி), புது கேஸ்கெட், ஹெட் போல்ட், அதோடு சேர்த்து வாட்டர் பம்ப்பும் மாற்றி, கூலியோடு ரூ. 31,000. இசுசு கேஸ்கெட் கிடைக்கத் தாமதம் என்று ஒரு மாதத்துக்கு மேல் வண்டி அங்கேயே தூசி தின்றது. கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்கேயும் தீய்ந்த தடம் இல்லை, முழுசாக இருந்தது. "எப்படியும் பேசிங் போட்டது நல்லதுதான் சார்" என்றார்கள். வண்டியை எடுத்துவந்த அன்றே ஜாமில் முள் 110. அன்றைக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. வண்டியை விற்றுவிடலாம் என்று விளம்பரம் கூட எழுத ஆரம்பித்தேன். "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதக் கை வராமல் பாதியில் விட்டேன்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காட்டச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. எதற்கும் பெரிய செலவில்லை. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. முதலில் வரும் சில குமிழிகள் அடைபட்ட காற்று, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூடியைப் போட்டுக் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதே சந்தேகம்தான், தண்ணீர் சூடாவதற்கு முன் அழுத்தம் ஏற வேறு காரணம் குறைவு. ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழப்பு இருக்கிறதா, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் சேர்ந்து குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நீல நிற டெஸ்ட் திரவம் ஒன்று கிடைக்கிறது, ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால் வாயு இருந்தால் மஞ்சளாக மாறும். என் வண்டியில் இந்த அறிகுறி ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் கேட்டால் சில இடங்களில் முகம் மாறும். அப்படி முகம் மாறும் இடத்தில் ஹெட்டைக் கழற்றவிடக் கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவதாக ஜே.சி. ரோடு பக்கம் ஒரு ரேடியேட்டர் கடை. கிருஷ்ணகிரிக்காரப் பெரியவர். மேல் டேங்கைப் பிரித்ததும் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவு. "போர் தண்ணி ஊத்தினியா தம்பி?" என்றார். எங்கள் அபார்ட்மென்ட்டில் வருவது டேங்கர் தண்ணீர், குழாய்களிலேயே வெள்ளை படியும். அந்தத் தண்ணீரைத்தான் பட்டறையில் இருந்தும் வீட்டில் இருந்தும் ஊற்றியிருக்கிறார்கள். பித்தளைக் குழாய்களுக்குள் ராட் விட்டுச் சுத்தம் செய்து, டேங்கைத் திரும்பப் பற்றவைத்து, ரூ. 3,800 வாங்கினார். நியாயமான வேலை. இனிமேல் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான் என்று முடிவு செய்தேன். பெங்களூரில் தண்ணீர் உறையப் போவதில்லை, ஆகவே பாதிக்குப் பாதி கூலன்ட் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு போதும். சூட்டைத் தூக்கிப்போவதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலன்ட் இருப்பது துருவையும் படிவையும் தடுக்க. இந்த வேலைக்குப் பிறகு ஹோசூர் ரோடில் ஓடும்போது சூடு நன்றாகக் குறைந்தது. ஜாமில் மட்டும் பழைய கதையே.

அவர் இன்னொன்றும் செய்தார், அதற்குக் காசே வாங்கவில்லை. ரேடியேட்டர் மூடியை ஒரு கை பம்ப்பில் மாட்டி அழுத்திக் காட்டினார். 0.9 பார் தாங்க வேண்டிய மூடி, அதில் பாதி வருவதற்குள் காற்றை விட்டுவிட்டது. இதன் அர்த்தம் எனக்கு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், சென்னையில் மாதிரி 100 வரை காத்திருக்காது. மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை சுமார் 117 வரை ஏறும். மூடி தளர்ந்துபோனால் அந்த இருபது டிகிரி பாதுகாப்பு கரைந்துவிடும். எஞ்சின் சற்றே சூடானாலும் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளும், தண்ணீர் குறைந்ததும் சூடு நிஜமாகவே எகிறும். புது மூடி ரூ. 250. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இந்த மூடியைச் சோதித்திருக்க வேண்டிய ஒர்க்‌ஷாப்பை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மூடி மாற்றியபின் ஜாமில் கொதித்து வழிவது நின்றது. ஆனால் முள் ஏறுவது நிற்கவில்லை. அதாவது நோய் இன்னும் உள்ளேதான்.

இந்தக் கட்டத்தில் ரூ. 1,400-க்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். மொத்தச் செலவில் உருப்படியான செலவு இதுதான். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டினால் முள் சொல்வது நிஜமா என்று தெரியும். பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் குறைவாகக் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும். என் டாஷ்போர்டு முள் எட்டுப் பத்து டிகிரி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. 110 என்று அது அலறியபோது உண்மை 101, 102. ஹெட்லைட் போட்டதும் முள் இன்னும் கொஞ்சம் துள்ளுவதையும் அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் ஒரு நொடியில் சூடாகாது. விளக்கு போட்டால் முள் ஆடுகிறது என்றால் மீட்டரின் எர்த் சரியில்லை. தனியாக ஒரு எர்த் வயர் இழுத்ததும் முள் யோக்கியனாகிவிட்டது. ரேடியேட்டரின் முகத்தையும் இதே கருவியால் வருடிப் பார்க்கலாம். நடுவில் எங்காவது திட்டாகக் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன.

சிவாஜிநகர் குஜிரியில் பழைய சாமான் தேடப் போன இடத்தில்தான் அந்த எலக்ட்ரீஷியனைப் பார்த்தேன். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். கதையை முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்திவிட்டு, "எப்போ சூடாகுது? ஜாம்லயா, ரோட்லயா?" என்றார். அதுவரை போன எந்த இடத்திலும் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஜாமில்தான் பாய், ஹோசூர் ரோடில் எண்பதில் போனால் ஜில்லென்று இருக்கிறது என்றேன். "அப்போ தண்ணி பக்கம் போகாத. காத்தப் பாரு" என்றார்.

இந்த ஒரு கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஃபேனுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் ஃபேன், ஃபேனைச் சுற்றிய கூடு, ஃபேனுக்குப் போகும் கரன்ட், ஐட்லிங்கில் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) என்று தேட வேண்டும். நிற்கும்போது ஒன்றுமில்லை, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடு என்றால் தண்ணீர் ஓட்டமோ ரேடியேட்டரின் கொள்ளளவோ போதவில்லை: அடைத்த குழாய், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிஷத்திலேயே எகிறினால் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், உள்ளே அடைபட்ட காற்று, இல்லாவிட்டால் உண்மையிலேயே கேஸ்கெட். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பர்ஸைத் திறப்பதற்கு முன் இதில் எந்த ஜாதி என்று தெரிந்துகொள்வது நல்லது.

பாய் மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.7 வோல்ட். ஃபேன் பிளக்கில் 10.4. மீதி மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. ஹார்னுக்குப் போடுகிற மெல்லிய வயரில், டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக, ரிலே (பெரிய கரன்ட்டைத் தாங்கும் தானியங்கி சுவிட்ச்) இல்லாமல் ஃபேனை ஓட்டியிருந்தார்கள். ஃபேன் சுற்றத்தான் செய்தது. பார்க்கிற எல்லோரும் "ஃபேன் ஓடுதே சார்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்கள். சுற்றுவதும் காற்றை இழுப்பதும் ஒன்றில்லை. ராத்திரியில் ஹெட்லைட்டும் எரிந்தால், ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே குறைவு, ஃபேன் இன்னும் சோம்பிவிடும். பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, தடிமனான எர்த், 92 டிகிரியில் ஓடி 87-ல் நிற்கிற தெர்மோ சுவிட்ச் என்று மாற்றினார். ஃபேன் பிளக்கில் 13.3 வந்தது. சத்தமே வேறு.

அடுத்தது ஃபேன் இருந்த இடம். 1.8 எஞ்சின் பழைய எஞ்சினை விட முன்னால் நீண்டதால், ரேடியேட்டருக்குப் பின்னால் இடம் போதவில்லை என்று பட்டறையில் ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டியிருந்தார்கள். அதுவும் 12 இன்ச், கூடு எதுவும் இல்லாமல், கோர் (ரேடியேட்டரின் குழாய்கள் உள்ள நடுப்பகுதி) மேல் நேராக டை போட்டு. முன்னால் இருந்து தள்ளும் ஃபேன், பின்னால் இருந்து இழுப்பதை விட மட்டம். போதாததற்கு ஓடும்போது எதிர்க்காற்றுக்கும் அதுவே தடை. கூடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டும்தான் ஆற்றும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான், காற்று சுலபமான பக்கத்து வழியாகவே வரும். ஃபேனை முன்னாலிருந்து எடுத்ததால் ரேடியேட்டரை இரண்டு இன்ச் முன்னால் தள்ள முடிந்தது. பின்னால் 14 இன்ச் இழுக்கும் ஃபேன், அதைச் சுற்றி கோர் முழுவதையும் மூடுகிற தகரக் கூடு. பக்கத்து டிங்கர் கடையில் அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்துச் செய்தோம். கூட்டுக்கும் கோருக்கும் நடுவே காற்று திருடாமல் ஃபோம் ஒட்டினோம். ரேடியேட்டரின் மேலும் பக்கங்களிலும் இருந்த சந்துகளை ரப்பர் ஷீட்டால் அடைத்தோம், இல்லாவிட்டால் எஞ்சினின் சூடான காற்றே சுற்றிக்கொண்டு திரும்ப முன்னால் வரும். ஃபேன் சரியான பக்கம் காற்று விடுகிறதா என்று பார்க்க ஒரு செய்தித்தாள் துண்டு போதும், கிரில் பக்கம் வைத்தால் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். புது ஃபேன், வயரிங், கூடு, கூலி எல்லாம் சேர்த்து ரூ. 9,500.

சில்க் போர்டில் 94-க்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் பாய்க்குத் திருப்தி இல்லை. "எக்ஸாஸ்ட் ரொம்ப சூடா இருக்கு, டைமிங் பாரு" என்றார். டைமிங் லைட் வைத்தால் ஸ்பார்க் தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க்கைத் தேவைக்கேற்ப முன்கூட்டியே விழவைக்கும் வேக்கம் அட்வான்ஸின் குழாயை யாரோ பிடுங்கி, வாயில் ஒரு ஸ்க்ரூவைத் திணித்து அடைத்திருந்தார்கள். ஸ்பார்க் தாமதமானால் எரிதலும் தாமதமாகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக ஹெட்டுக்குள், அங்கிருந்து தண்ணீருக்குள் இறங்கும். குழாயை மாட்டி, டைமிங்கை அந்த எஞ்சினுக்கு உரிய அளவில் வைத்ததும் ஐட்லிங்கில் இன்னும் நாலைந்து டிகிரி குறைந்தது, பிக்கப்பும் தெளிவாகக் கூடியது. இதற்காக டைமிங்கை அளவுக்கு மேல் முன்னால் தள்ளிவிடாதீர்கள், நாக்கிங் வரும், பிஸ்டனுக்கே ஆபத்து. எஞ்சினைத் திறந்து திரும்ப மாட்டிய யாராக இருந்தாலும் டைமிங் லைட் வைத்தார்களா என்று கேளுங்கள். காதால் கேட்டே வைத்துவிட்டோம் என்பார்கள்.

கடைசியாக ஒரு பாக்கி இருந்தது. தைரியம் வந்து குடும்பத்தோடு கிருஷ்ணகிரி போனோம். போகும்போது இறக்கம், ஒன்றுமில்லை. திரும்பும்போது சூளகிரி வரை ஏற்றம், வண்டியில் ஆள் நிறைய, வெயில் உச்சி. முள் 103-க்குப் போனது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் முள்ளைப் பார்த்தேன். ஆனால் இந்த முறை வயிற்றைக் கலக்கவில்லை. நின்றால் சூடு போய், ஓடினால் சூடு வந்திருக்கிறது. அப்படியென்றால் இப்போது தண்ணீர் பக்கம். டாபா ஓரம் நிறுத்தி, ஆறவிட்டு, மச்சினனை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் பார்த்தேன். 3,000 ஆர்.பி.எம். வந்ததும் கீழ் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஹோஸ் போட வேண்டிய இடத்தில் ஏதோ லாரி ஹோஸை வெட்டி மாட்டியிருந்தார்கள். மீதித் தூரத்தை ஐம்பதில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ஸ்பிரிங் வைத்த ஹோஸ் ரூ. 600, அதோடு புது 82 டிகிரி தெர்மோஸ்டாட்டையும் மாட்டினேன். தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி வைத்து, மூடியைத் திறந்தபடியே தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பக்கம் தாழ்த்திய வண்டிகளில் ரேடியேட்டர் வாய் எஞ்சினை விடக் கீழே போய்விடுவதால் காற்று ஹெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அதே ஏற்றத்தில் 91.

இப்போது பாக்கி இருப்பது ஏ.சி. அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார வேண்டும், தன் சூட்டையெல்லாம் பின்னால் உள்ள ரேடியேட்டருக்குத்தான் தள்ளும், ஐட்லிங்கில் கம்ப்ரஸர் எஞ்சின் மேல் சுமையும் ஏற்றும். அகலமான ரேடியேட்டரும் இரண்டாவது ஃபேனும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தால் இப்போதுள்ள ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் தாங்காது, ஆகவே முதலில் ஆல்டர்னேட்டர். அதற்குக் காசு சேரும் வரை இந்தக் கோடையும் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான். மாமனார் வந்தால் அவரை முன் சீட்டில் உட்கார வைக்கிறேன், அங்கே காற்று நன்றாக வரும்.